ரொக்ஸ்பரோ: ஆற்றங்கரையா, நகரின் நடுவா?

யூலை முதலாம் திகதி மொன்றியலில் வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை யூன் 30இல் முடிவதால் அன்று கட்டிலும் மெத்தையும் தெருவெல்லாம் நிற்கும். ஆனால் எம்மவர் வீடுகளில் பேச்சு பங்குனியிலேயே தொடங்கிவிடும். "பார்க் எக்ஸ்ரென்சனிலேயே இருப்பமோ, இல்லை ரொக்ஸ்பரோப் பக்கம் போவமோ?" நாங்களும் இதை இரண்டு வருடம் பேசியவர்கள். 2021இல் ரொக்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்தோம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்று நாங்கள் கண்டதை எழுதுகிறோம்.

முதலில் ஊரைப் பற்றி. மொன்றியல் ஒரு தீவு. அதன் வடமேற்கு ஓரத்தில், றிவியேர் டெ பிறேறி என்னும் ஆற்றின் கரையில் ரொக்ஸ்பரோ இருக்கிறது. 1914இல் தனி ஊராக அமைந்தது. 1918இல் மலையைக் குடைந்த சுரங்கத்தினூடாக நகர் நடுவிற்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஊர் அந்தப் பாதையை நம்பி வளர்ந்தது. 2002இல் மொன்றியல் நகரத்தோடு இணைக்கப்பட்டது. 2006 முதல் பியர்பொண்ட்-ரொக்ஸ்பரோ என்ற பிரிவுக்குள் அடங்குகிறது.

இங்கே கடல் இல்லை. உப்புக்காற்றும் இல்லை. ஆனாலும் கரையோர ஊர்களில் பிறந்த எங்களுக்குத் தண்ணீரைக் கண்டால் மனம் சற்று ஆறுகிறது. கூவேன் வீதியால் நடந்துபோனால் மரங்களுக்கு இடையே ஆறு தெரியும். இதே பிரிவின் மேற்குக் கோடியில் உள்ள கப்-சென்-ஜாக் பூங்காவில் மணற்கரையும் உண்டு. கோடையில் பிள்ளைகள் அங்கே மணல்வீடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அயல் நகரான டொலார்-டெ-ஸோர்மோவில் திருமுருகன் கோயில் இருக்கிறது. இவையெல்லாம் இழுக்கிற விடயங்கள். இழுக்கிறது என்பதற்காக வீடு எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

எங்கள் அம்மா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். 2004 மார்கழி 26இல் கடல் எழுந்து வந்ததைக் கண்ணால் கண்டவர். அதில் தன் தங்கையை இழந்தவர். ரொக்ஸ்பரோவில் முதலில் பார்த்த வீடு ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பேஸ்மென்ற். வாடகை குறைவு, புதிதாகப் பூச்சுப் பூசியிருந்தார்கள். எங்களுக்குப் பிடித்துவிட்டது. அம்மா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, முன்னம் தண்ணி எவடம் மட்டும் வந்தது எண்டு கேள்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். பக்கத்து வீட்டு வயோதிப மாதுதான் தன் சுவரில் முழங்கால் உயரத்தைக் கையால் காட்டி, "2017" என்றார். நாங்கள் அந்த வீட்டை எடுக்கவில்லை.

2017 வைகாசியில் பனி உருகிய நீரும் மழையும் சேர்ந்து ஒட்டாவா ஆற்றை நிறைத்தன. அந்த நீரில் ஒரு பகுதி எங்கள் ஆற்றினூடாகத்தான் போகவேண்டும். மொன்றியலில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. பியர்பொண்ட்-ரொக்ஸ்பரோவில் பல தெருக்களில் படகு ஓடியது. 2019 சித்திரையில் மீண்டும் அவசரகால நிலை. அப்போது அருகிலுள்ள சென்-மார்த்-சுர்-லு-லாக் ஊரில் அணை உடைந்து 6,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள்.

அப்படியானால் நகரின் நடுவே இருப்பது பாதுகாப்பா? அதுவும் முழுக்கச் சரியல்ல. 2024 ஆவணி 9ஆம் திகதி ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. ஆற்றுக்கு வெகு தூரத்தில் இருந்த பேஸ்மென்றுகளிலும் சாக்கடை நீர் மேலே வந்தது. ஆகவே ஆறு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காமல், எத்தனையாவது மாடி என்றும் பாருங்கள். நாங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். வாடகை கொஞ்சம் கூட. ஆனால் சித்திரை மழையில் அம்மா நித்திரை கொள்கிறார்.

அடுத்தது வேலை. எம்மவரில் பலருக்கு வேலை சென்-லோறன் பக்கத் தொழிற்சாலைகளில். பார்க் எக்ஸ்ரென்சனில் பார்க், அக்காடி என இரண்டு மெற்றோ நிலையங்கள் உண்டு. இரவு வேலை முடிந்தாலும் வீடு வந்து சேரலாம். ரொக்ஸ்பரோவின் பழைய ரயில் 2020 முடிவில் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய ஐந்து வருடம் பஸ்தான். தை மாதக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் நின்ற எங்களுக்கு அந்த ஐந்து வருடத்தின் நீளம் தெரியும். 2025 கார்த்திகை 17 முதல் அதே பாதையில் சாரதியில்லாத றெம் ரயில் ஓடுகிறது. இப்போது நகர் நடுவிற்குப் போவது இலகு. ஆனால் உங்கள் பக்ரறி ரயில் நிலையத்திற்கு அருகில் இல்லையென்றால் கார் வேண்டும். காரென்றால் காப்புறுதி, மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை கட்டாய வின்ரர் ரயர். வாடகையில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, பகலில் வீட்டில் இருப்பவரின் நிலை. பார்க் எக்ஸ்ரென்சனில் கீழே இறங்கினால் தமிழ்க்கதை கேட்கும், கறிவேப்பிலை வாங்கலாம், படிவம் நிரப்ப ஆள் கிடைக்கும். ரொக்ஸ்பரோவில் முதல் வின்ரரில் வீட்டில் நின்றவர், தபால்காரரைத் தவிர வேறு மனித முகம் காணாத நாட்கள் இருந்தன. இதைக் கணவன்மார் கவனிப்பது குறைவு; ஆகவே வீடு பார்க்க இருவரும் போங்கள். மறுபக்கம், அங்கே ஐந்து பேர் இரண்டு அறையில் இருந்தோம். பிள்ளைகள் குசினி மேசையில் படித்தார்கள். இங்கே அவர்களுக்குத் தனி அறை, சைக்கிள் ஓட இடம்.

இனிச் சில நடைமுறை விடயங்கள். பள்ளியில் பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை. கியூபெக்கில் வீட்டுக்காரர் முற்பணப் பிணை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தப் படிவத்தில் முந்தைய வாடகை எவ்வளவு என்று எழுதும் பகுதி உண்டு. அதை வெறுமையாக விடவேண்டாம். சாக்கடை நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு உண்டா என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவரும் காப்புறுதி எடுக்கலாம். சாக்கடை நீர் ஏறினால் அது பொறுப்பேற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். முக்கியமாக, பழைய வெள்ளத்தைப் பற்றி அயலவரிடம் கேளுங்கள்.

வந்து ஓரிரு வருடமே ஆன குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது, நகரிலேயே இருங்கள் என்பதுதான். மொழியும் வேலையும் அங்கே நடந்தே கிடைக்கும். வேலை நிலைத்து, பிள்ளைகள் பிரெஞ்சு பேசத் தொடங்கியபின் ரொக்ஸ்பரோவை வந்து பாருங்கள். பார்க்க வருவதானால் கோடையில் வராதீர்கள். அப்போது எல்லா ஊரும் அழகு. தை மாதத்தில், இருட்டிய பிறகு, பஸ்ஸில் வாருங்கள்.