ஒற்றை வீட்டுத் தீவு



காங்கேயம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது காளைகளாகவே இருக்கும். ஆனால் ஊரை நெருங்கும்போது கண்ணை நிறைப்பவை உலர்களங்கள். உடைத்த தேங்காய்கள் வெயிலில் வெள்ளை விரிப்பாகக் கிடக்கின்றன. தொட்டி வேறு, பருப்பு வேறாகப் பிரிக்கும் பெண்களின் கைகள் ஓய்வதில்லை. ஆலைகளிலிருந்து எண்ணெய் மணம் காற்றில் ஏறி வருகிறது. கடலையே காணாத இந்த மேட்டு நிலத்தில் நின்றுகொண்டு, உங்களை ஒரு சின்னஞ்சிறு தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வழித்துணையாக வருவது தென்னை. பயணியோ ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்.

கயிற்றால் தைத்த கலம்

மொரோக்கோ நாட்டின் தஞ்சா நகரில் 1304-இல் பிறந்தவர் இப்னு பதூதா. 1325-இல் ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டபோது வயது இருபத்தொன்று. பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். ஹஜ்ஜுடன் பயணம் நிற்கவில்லை. டெல்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாகப் பணியாற்றினார். சீனத்திற்குத் தூதராக அனுப்பப்பட்டபோது, கோழிக்கோட்டுக் கரையில் புயலில் கப்பல் உடைந்து யாவும் பறிபோயின. அதன் பின்னரே மாலத்தீவை அடைந்தார்.

அங்கு அவர் வியந்து எழுதியவற்றுள் தலையாயது தென்னை. தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து நாராக்கி, பெண்கள் கயிறு திரிப்பதை அவர் விவரிக்கிறார். அந்தக் கயிற்றால்தான் அக்காலக் கப்பல்களின் பலகைகளைத் தைத்தார்கள். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்ததோ சற்று வளைந்து கொடுத்துத் தப்பிக்கும் என்று அதன் காரணத்தையும் கூறுகிறார். நம் வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்றுக் கிடக்கும் மட்டைக்கு எத்தகைய பெருமை, பாருங்கள்!

நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடிய சோழிதான் அத்தீவுகளின் நாணயம். நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு. விலை வீழ்ந்தால் பன்னிரண்டு இலட்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தரும் கணக்கு. அச்சோழியை வங்காளத்தார் அரிசி கொடுத்து வாங்கிச் சென்றனர்.

படகே வீடாக

மாலத்தீவை அப்போது ஆண்டவர் சுல்தானா கதீஜா என்னும் பெண்மணி. அவரது ஆட்சியில் இப்னு பதூதா காழியாக அமர்ந்தார். மணம் புரிந்தார், செல்வாக்கும் பெற்றார். பின்னர் அமைச்சருடன் மனக்கசப்பு முற்றவே, பதவியைத் துறந்து, மனைவியரையும் பிரிந்து புறப்பட்டார்.

அவர் ஏற வேண்டிய கப்பல் தொலைவில் முலூக் என்னும் தீவில் நின்றது. அதுவரை தீவுக்குத் தீவு பாய்மரப் படகில் செல்ல வேண்டியிருந்தது. மாலத்தீவுகள் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,200. அவை வளையம் வளையமாக அமைந்தவை. ஒவ்வொரு வளையத்திற்கும் வாயில் போன்ற ஒரு வழி உண்டு. அவ்வூரார் ஒருவர் வழிகாட்டாமல் கப்பல் உள்ளே நுழைய இயலாது. ஒரு தீவை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த தீவின் தென்னை முடிகள் தெரியும் என்கிறார். வீடென்று சொல்லிக்கொள்ள அந்நாட்களில் அவருக்கு இருந்தது அப்படகு ஒன்றுதான்.

இவ்வாறு செல்கையில் மிகச் சிறிய தீவு ஒன்றில் அவர் இறங்கினார். அங்கே இருந்தது ஒரே ஒரு வீடு. அதில் ஒரு நெசவாளர், அவர் மனைவி, பிள்ளைகள். சில தென்னைகள், சில வாழைகள். மீன் பிடிக்கவும் பிற தீவுகளுக்குச் சென்று வரவும் ஒரு சிறு படகு. பறவை என்று பார்த்தால் இரண்டே காக்கைகள். அவை இவர்கள் வந்த படகின் மேல் வட்டமிட்டுப் பறந்தன.

சுல்தான்களின் அவைகளையும் டெல்லியின் மாளிகைகளையும் கண்டவர் அவர். அத்தகையவர் அந்த நெசவாளரைப் பார்த்துப் பொறாமை கொண்டதாகச் சத்தியமிட்டுச் சொல்கிறார்! அத்தீவு தமக்கு உரியதாக இருந்திருந்தால், இறுதி நாள் வரும்வரை அதிலேயே ஒதுங்கி வாழ்ந்திருப்பேன் என்று ஏங்குகிறார்.

தங்கவில்லை

ஆனால் அவர் அங்கே தங்கினாரா? இல்லை. படகு மேலே சென்றது. முலூக் தீவில் எழுபது நாட்கள் கழித்து, 1344 ஆகஸ்டில் மஅபர் என்று அராபியர் அழைத்த நம் தமிழகக் கரையை நோக்கிப் பாய் விரித்தார். மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகி, கப்பல் இலங்கையில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மீண்டும் புறப்பட்டபோது நம் கரையருகே கப்பல் ஆழமற்ற நீரில் தட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். உடன் வந்தோரைக் கட்டுமரத்தில் கரைக்கு அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். விடிந்ததும் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டனர். முஸ்லிம் அல்லாத அம்மக்கள் நல்ல மீனும், பனை இனத்து மரமொன்றின் பழமும் கொடுத்து உபசரித்ததை நன்றியுடன் குறிப்பிடுகிறார்.

பின்னொரு நாள் அவர் மாலத்தீவுக்குத் திரும்பினார். பிரிந்து சென்ற மனைவியருள் ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாயிடம் வளர்வதே அவனுக்கு நல்லது என்று விட்டுவிட்டு, சில நாட்களில் மறுபடியும் கப்பலேறினார்.

1348-இல் டமாஸ்கஸ் நகரில் ஒரு செய்தி காத்திருந்தது. தந்தையார் வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டனவாம்! மறு ஆண்டு தாயகம் திரும்பும் வழியில், தாயாரும் கொள்ளை நோயில் மறைந்துவிட்டதை அறிந்தார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மகனுக்கு, தாயின் கபுறைத் தரிசிக்கும் பேறுதான் மிஞ்சியது.

நம் வீட்டுச் சபராளிகள்

வாசகர்களே! அந்த நெசவாளரிடம் அவர் எதைக் கண்டு ஏங்கினார்? அவர் விளக்கவில்லை. நாமாக எண்ணிப் பார்க்கிறோம். தென்னையும் வாழையும் அவர் காணாதவை அல்ல. வேலை முடிந்ததும் பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்குள் நுழையும் ஒரு மனிதனை, வீடற்றவராய்ப் படகிலிருந்து இறங்கிய அன்று அவர் கண்டார்.

1972-இல் மாலத்தீவின் முதல் சுற்றுலா விடுதி ஒரு தனித் தீவில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளநீர்க்காய். நம் குரும்பைக்கு உறவான சொல். ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை அங்கே பரவியது. நெசவாளருக்குச் சொந்தமாயிருந்த தனிமையைச் சில இரவுகளுக்கு வாங்கவே இன்று செல்வர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். குடும்பத்தோடு வாழும் நாட்களை அப்படி வாங்க இயலுமா?

பயணமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் போகாதிருந்தால் 1355-இல் நிறைவுற்ற அந்தப் பயண நூலும் நமக்குக் கிடைத்திராது. பிழைப்புக்காகக் கடல் கடந்த மக்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆயினும், இன்னும் இரண்டு ஆண்டு, இன்னும் இரண்டு ஆண்டு என்று தள்ளிப்போடும்போது, இங்கே பெற்றோரின் வயதும் பிள்ளைகளின் வயதும் காத்திருப்பதில்லை.

சபரில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு இவ்விதழை அனுப்புவீர்களானால், ஒற்றை வீட்டுத் தீவு இருக்கும் இந்தப் பக்கத்தை மடித்து வைத்து அனுப்புங்கள்.