இலை விழும் கணக்கு

குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுப் பகுதியில் கல்யாணச் சமையலை முன்னின்று நடத்தும் தலைமைச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்றும், மணவீட்டின் பின்புறத்தில் அவருக்கென வேயப்படும் சமையல் கொட்டகையை ஆக்குப்புரை என்றும் அழைப்பது வழக்கம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் (இன்றைய தமிழ்நாடு) இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்தமையால், அவியல், எரிசேரி, ஓலன், அடைப்பிரதமன் ஆகியவை சாம்பாருக்கும் ரசத்துக்கும் பக்கத்தில் ஒரே இலையில் இடம்பெறுகின்றன. இத்தனை வகைகளையும் சூடு குறையாமல், பந்தி தொடங்கும் வேளைக்குள் முடித்துத் தருவதற்காகவே ஒரு தவசிப்பிள்ளை அமர்த்தப்படுகிறார்.

அமர்த்தும் முறைகள் இரண்டு. பழைய முறையில், "எத்தனை எலை விழும், அண்ணாச்சி?" என்பதே அவர் வீட்டாரிடம் கேட்கும் முதற்கேள்வி, உண்பவர் எத்தனை பேர் என்பது அதன் பொருள். விடை கிடைத்ததும் பலசரக்கு, காய்கறி, தேங்காய், விறகு என அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, வீட்டார் ஒருவர் அதைச் சாமான் லிஸ்டாக எழுதிக்கொள்வார். வடசேரிச் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குவது வீட்டார் பொறுப்பு, சமையல்காரருக்கு உரியது கூலி மட்டுமே. இப்போது பரவலாகியுள்ள காண்ட்ராக்ட் முறையில், பொருளும் ஆளும் பாத்திரமும் பரிமாறுதலும் ஒப்பந்தக்காரரைச் சேர, வீட்டார் இலைக்கு இவ்வளவு என்று தொகை பேசி, விழுந்த இலைகளை எண்ணிப் பணம் தருகின்றனர். வீட்டாரின் அலைச்சல் குறைந்தது உண்மையே. ஆனால், பொருளின் தரத்தைக் குறைத்தால் எந்த ஆதாயமும் பெறாதிருந்த ஒருவரின் கையிலிருந்து, குறைக்கும் ஒவ்வொரு தேங்காயும் தமக்கு மிச்சமாகும் ஒருவரின் கைக்கு அளவைத் தீர்மானிக்கும் உரிமை மாறியதும் இதனால்தான்.

அளவு என்பது இத்தொழிலின் உயிர். 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி என்பது யாரும் சொல்லக்கூடிய பொதுக்கணக்கு. முகூர்த்தம் எந்நேரம், காலைப் பலகாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர், பாயசம் ஒன்றா இரண்டா என்பவற்றைக் கேட்டு அக்கணக்கைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவரே தவசிப்பிள்ளை. வீட்டுச் சமையலின் அளவை நூறால் பெருக்கினால் கல்யாணச் சமையல் ஆகிவிடாது. அகன்று ஆழ்ந்த அண்டாவில் கொள்ளளவோடு ஒப்பிட நீரின் மேற்பரப்பு சிறியதாதலால் ஆவியாகும் நீரின் விகிதம் குறைவு. எனவே தண்ணீரை முதலிலேயே குறைத்து ஊற்ற வேண்டும், உப்பைக் கடைசிவரை கைவசம் நிறுத்தி வைக்க வேண்டும். இறக்கிய பின்னும் பெரிய பாத்திரம் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், அவியலுக்கான சேனையும் முருங்கைக்காயும் முழுப்பதம் அடையும் முன்னரே தீயைத் தணிப்பது அவசியம். தவறினால் பந்திக்கு வருவதற்குள் அவியல் கூழாகிவிடும்.

இந்நுட்பம் முழுமையாகத் தெரிவது அடைப்பிரதமனில்தான். அரிசி மாவை இலையில் தேய்த்து அவித்து நறுக்கிய துண்டுகளே அடை எனப்படுபவை; அவை வெந்து மென்மையான பிறகே வெல்லப்பாகைச் சேர்க்கலாம், ஏனெனில் வெல்லம் சேர்ந்தபின் அவை மேற்கொண்டு வேகா. பாகைத் துணியில் வடிகட்டி மண் நீக்கி வெண்கல உருளியில் ஊற்றி, அடையோடு சுருளக் கிளறியபின், தேங்காய்ப்பாலில் மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் முறையே சேர்ந்து கொதிக்கின்றன. தலைப்பால் எனப்படும் முதற்பாலின் முறை வரும்போது, உருளியின் அடியில் எரியும் விறகை இழுத்துப்போடச் சொல்லிவிட்டு, ஒரு கையால் சட்டுவத்தைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் பாலை மெல்லிய தாரையாக ஊற்றுகிறார் தவசிப்பிள்ளை. தலைப்பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். சுக்கும் ஏலமும் தூவிய பின், சட்டுவத்தின் விளிம்பிலிருந்து சொட்டும் துளி எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று பார்த்துப் பதத்தை முடிவு செய்கிறார். அருகில் நிற்கும் உதவியாளருக்கு இது எந்தச் சொல்லாலும் கற்பிக்கப்படுவதில்லை. பல பருவம் கூட நின்று பார்த்தே அவர் கற்றாக வேண்டும்.

முந்தைய இரவில் அக்கம்பக்கத்தார் அரிவாள்மணையோடு வந்து கூடிக் காய் நறுக்கிய வழக்கம் மண்டபக் கல்யாணங்களில் அற்றுப்போக, அவ்வேலையைக் கூலிப்பெண்கள் செய்கின்றனர். தேங்காய் துருவுவோரும் பாத்திரம் தேய்ப்போரும் பெரும்பாலும் அவர்களே. வீட்டில் அன்றாடச் சமையல் முழுவதையும் பெண்களிடம் விட்ட சமூகம், பேரும் பணமும் சேரும் கல்யாண அடுப்பின் முன் ஆண்களையே நிறுத்துவது நெடுங்காலமாகக் கேள்வி கேட்கப்படாத அநீதி. அண்டாவின் கனம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதை ஆண்களும் தனியாகத் தூக்குவதில்லை, கம்பு கோத்துக் கூட்டாகவே இறக்குகின்றனர்.

உணவு வழங்கும் தொழில் செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அமர்த்துவோர் அதைக் கேட்டுப் பார்ப்பது நன்று, ஏனெனில் தேங்காய் அரைத்துச் சேர்த்த கறிகள் இக்கடலோர வெப்பத்தில் விரைவில் ஊசிப்போகும். பேரத்திலும் எச்சரிக்கை தேவை. இலைக்கு 10 ரூபாய் குறைத்தால் 500 இலைக்கு 5,000 ரூபாய் குறைகிறது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடைக்காரர் விலை குறைக்காத நிலையில், அத்தொகை பிரதமனின் தலைப்பாலிலிருந்தோ பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் கூலியிலிருந்தோதான் எடுக்கப்படும். உதவியாளர் எத்தனை பேர், அவர்களின் நாட்கூலி எவ்வளவு, இரவில் படுக்க எங்கே இடம், கடைசிப் பந்தி எழுந்தபின் அவர்களுக்குச் சோறும் கறியும் மிஞ்சுமா என்பவற்றை அச்சாரம் கொடுக்கும்போதே கேட்டு, சாமான் லிஸ்ட் எழுதும் தாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.