தழும்பைச் சொன்ன நாள்



2014ஆம் ஆண்டு எனக்கு 41 வயது. கருப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. கருப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சையை நினைத்து நான் பயப்படவில்லை. 2009இல் கணவர் காணாமற்போன பின் என் மகளுக்கு நான் ஒருத்திதான். அவளுக்கு அப்போது 13 வயது. தியேட்டருக்குள் போன நான் திரும்பி வராவிட்டால் அவள் யாரிடம் போவாள்? அந்த நினைப்பில் இரவில் நித்திரை இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் ஒரு சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் கதைப்பார். மிச்சத்தைத் தாதி மொழிபெயர்த்தார்.

"ரெண்டு மாடிப்படி நிக்காமல் ஏறுவீங்களோ?" என்று முதலில் கேட்டார்கள்.

"எங்கட ஊரில மாடி எங்க மிஸி? கிணத்தில நாலு வாளி அள்ளினா இளைக்குது" என்றேன். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அது விளையாட்டுக் கேள்வி அல்ல. இருதயமும் நுரையீரலும் சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்று அறிவதற்கான எளிய வழி அது.

பிறகு, "முந்தி காயம், ஒப்பரேசன் ஏதும்?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன்.

அது பொய். 2009 ஏப்ரலில் ஒரு ஷெல் துண்டு என் வலது நெஞ்சுக்குள் போனது. குழாய் போட்டுச் சீழ் எடுத்தார்கள். துண்டை எடுக்க முடியவில்லை. முகாமில் இருந்த நாட்களில் தழும்பு என்றாலே கேள்விகள் வரும். அதனால் மறைத்துப் பழகிவிட்டேன். தழும்பு கமக்கட்டுக்குக் கீழே இருந்தபடியால் சட்டை மறைத்துக்கொண்டது.

வைத்தியர் படிவத்தில் 2 என்று எழுதினார். வெளியே வந்ததும், அது என்ன இலக்கம் என்று தாதியிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரிக்கும் முறை ஒன்று 1941இல் அமெரிக்காவில் தொடங்கியதாம். 1 என்றால் வேறு நோயில்லாதவர். 2 என்றால் இலேசான நோயுள்ளவர். 3 என்றால் கடுமையான நோயுள்ளவர். 4 என்றால் நோயால் உயிருக்கு எந்நேரமும் ஆபத்துள்ளவர். 5 என்றால் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று கருதப்படுபவர். இலக்கம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

"நீங்க சொன்னதையும் வச்சுத்தான் அக்கா டொக்டர் இதை எழுதினவ" என்றார்.

வாங்கிலில் இருந்து யோசித்தேன். அப்படியென்றால் அந்த 2 என்னுடையது அல்ல. காயமே படாத வேறொருத்தியுடையது. அவளுக்கென்று போட்ட கணக்கை வைத்துக்கொண்டு என்னை மயக்கப் போகிறார்கள். பிள்ளைக்காகப் பயந்த நானே பிள்ளையின் தாயை ஆபத்தில் விடப் பார்த்தேன்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். "டொக்டர், நான் ஒண்டை மறைச்சுப்போட்டன்" என்று சட்டையை விலக்கிக் காட்டினேன். கை நடுங்கியது. யார் அடித்தது, எங்கே நின்றாய், எந்தப் பக்கம் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. தழும்பைத் தடவிப் பார்த்து, "மூச்சு எடுக்க நோகுதா?" என்று தன் கொச்சைத் தமிழில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு தெரிந்தது. அந்தப் பக்க நுரையீரல் நன்றாக விரியவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7தான். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். படிவத்தில் இருந்த 2ஐ வெட்டி 3 என்று எழுதினார். நான் பயந்து போனேன்.

"இது உங்களைப் பயப்படுத்த இல்லை, ஆயத்தப்படுத்த" என்றார்.

அப்படியே நடந்தது. இரத்தப்போக்கைக் குறைக்க மருந்தும் இரும்புச்சத்துக் குளிசையும் தந்து, சத்திரசிகிச்சையை இரண்டரை மாதம் பிற்போட்டார்கள். தினமும் ஆழமாக மூச்செடுக்கும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் விறைப்பு ஊசி போடத் தீர்மானித்தார்கள். ஹீமோகுளோபின் 11 ஆனது.

கையொப்பம் வைக்குமுன் ஆபத்து எவ்வளவு என்று கேட்டேன். இங்கிலாந்துக் கணக்கொன்றைச் சொன்னார்கள். சாதாரண கட்டிகளுக்காக வயிற்றை வெட்டிக் கருப்பை எடுக்கும் பெண்களில் 100 பேரில் ஏறத்தாழ 4 பேருக்குப் பாரிய சிக்கல் வரலாம். ஒரு இலட்சம் பேரில் 32 பேர் ஆறு கிழமைக்குள் இறக்கலாம். "உங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். அதனாலதான் இவ்வளவு ஆயத்தம்" என்றார்கள். அது பலபேரின் கணக்கு. எனக்கு என்ன நடக்கும் என்பதை எந்தக் கணக்கும் அறுதியாகச் சொல்லாது. ஆனாலும் இருட்டில் நின்ற என் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்தது. மகளை அக்காவின் பொறுப்பில் விட்டு, வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுக் கையொப்பம் வைத்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் இலேசாகச் சளி கட்டியது. எதிர்பார்த்திருந்தபடியால் உடனே பார்த்தார்கள். எட்டாம் நாள் வீடு வந்தேன்.

சகோதரிகளே, எங்களில் எத்தனையோ பேர் உடம்பில் துண்டுகளோடு வாழ்கிறோம். சத்திரசிகிச்சை என்று வந்தால் மறைக்காதீர்கள். பழைய காயம், முன்பு நடந்த சத்திரசிகிச்சை, குடிக்கும் குளிசை, நாட்டு மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருப்பதைக் கட்டாயம் முதலில் சொல்லுங்கள். அது காந்தத்தால் இயங்கும் கருவி.

மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எனக்கு என்ன ஆபத்து? அதைக் குறைக்க நான் என்ன செய்யலாம்? சத்திரசிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்?

தழும்பு எங்கள் குற்றம் அல்ல. அதைச் சொன்னதால்தான் நான் இன்று என் மகளோடு இருக்கிறேன் என்று நம்புகிறேன்.