வாயை மூடிக்கொண்டு பந்து போடுவது

அந்தச் சனிக்கிழமை மகன் மூன்று முறை மட்டையோடு போய் நின்றான். மூன்று முறையும் ஸ்ட்ரைக் அவுட். கடைசி முறை மட்டையைச் சுழற்றக்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பும் பதினைந்து நிமிடமும் காரில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். முழங்கை, தலை, கால், கவனம். பின்சீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, அடுத்த சனிக்கிழமை மழை வருமா?"

மைதானம் ஈரமானால் ஆட்டம் கிடையாது. அவன் எதற்காகக் கேட்டான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. போனில் பார்த்து, "இல்லடா, நல்ல வெயில்தான்" என்று உற்சாகமாகச் சொன்னேன்.

நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரில் ஏப்ரலில் பேஸ்பால் தொடங்கிவிடும். குளிர் முழுசாகப் போயிருக்காது. மட்டையின் தப்பான இடத்தில் பந்து பட்டால் உள்ளங்கை முழுக்கச் சுரீரென்று எரியும். மகனுக்கு அப்போது பத்து வயது. அதற்கு முந்தைய வருடம் வரை பெற்றோர்கள் மெதுவாகப் போட்ட பந்துகளை அடித்தவன். இப்போது அவன் வயதுப் பையன்களே வேகமாக வீசுகிறார்கள், பந்து எங்கே போகும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு பந்து அவன் விலாவில் பட்டது. அழவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது.

நான் பாளையங்கோட்டையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். பந்தை அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கிரிக்கெட்டில் நல்ல பந்தை விட்டுவிடலாம், தடுக்கலாம், நாள் முழுக்க நிற்கலாம். 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 60 ஓவர் நின்று 36 ரன் எடுத்து அவுட் ஆகாமலே திரும்பினார். பேஸ்பாலில் அந்தப் பொறுமைக்கு இடம் இல்லை. தட்டுக்கு நேராக, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும் பந்தை விட்டால் அது ஸ்ட்ரைக். மூன்று ஆனால் கிளம்பவேண்டியதுதான். மட்டையும் தட்டை இல்லை, உருளை. உருளையான பந்தை உருளையான கட்டையால் அடிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாமலே வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன். "முழங்கையைத் தூக்கு! பந்தைப் பாரு! பின்னாடி போகாத!" சிறுவர் லீகில் பந்து வீசும் மேட்டிலிருந்து தட்டுக்கு 46 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைச் சுமார் 0.6 நொடியில் கடந்துவிடும். அதற்குள் ஒரு குழந்தை என்னுடைய மூன்று கட்டளைகளையும் கேட்டு, புரிந்து, செய்ய வேண்டும்!

அவர்கள் குழுவின் கோச் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்கிறார். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வாரத்தில் ஒரு நாள் நீங்கள் அவனுக்குப் பந்து போடுங்கள். நான் சொல்கிற மாதிரி. ஆனால் போடும்போது பேசக்கூடாது" என்றார்.

முதல் வாரம் மட்டை பிடிக்கவே விடவில்லை. ஒரு பை நிறைய டென்னிஸ் பந்துகள். நான் வேண்டுமென்றே அவன் உடம்பைப் பார்த்து எறிய வேண்டும். அவன் முன்தோளை உள்பக்கமாகத் திருப்பி, முதுகைக் காட்டி, தாடையை நெஞ்சோடு சேர்த்துப் பந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் குழப்பம். அடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அடிவாங்கக் கற்றுக்கொடுப்பதா?

ஆனால் கோச் எனக்குக் காட்டியது வேறு. பந்து வரும்போதே மகனின் இடது கால் மூன்றாவது பேஸ் பக்கம் விலகி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் இதை வாளிக்குள் கால் வைப்பது என்பார்கள். காலோடு இடுப்பும் தலையும் போய்விடும், மட்டை வெளிப்பந்தை எட்டாது. "இது கால் தப்பு இல்லை, பயம். பயந்த காலிடம் போகாதே என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அடிபட்டால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்தால் கால் தானே நிற்கும்" என்றார். இருபதாவது டென்னிஸ் பந்தில் மகன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "இன்னும் வேகமா போடுங்கப்பா!"

அடுத்து டீ. இடுப்புயரக் குழாயின் மேல் நிற்கும் பந்து. சின்னக் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பெரிய லீக் ஆட்டக்காரர்களும் தினமும் இதில்தான் தொடங்குகிறார்களாம். உடம்புக்கு அருகே வரும் பந்தைத் தட்டுக்கு முன்னாலேயே சந்திக்க வேண்டும், தள்ளிப் போகும் பந்தைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டு எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும். அதனால் டீயை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பத்துப் பத்துப் பந்து. பிறகு வலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கிட்டத்திலிருந்து மெதுவாக நான் எறியும் பந்துகள். ஒரு சுற்றுக்கு எட்டுதான். பிறகு தண்ணீர், பேச்சு, மறுபடி எட்டு. நானாக இருந்தால் ஒரே மூச்சில் நூறு போட்டிருப்பேன். களைத்த கை தப்பான சுழற்சியைத்தான் பழகிக்கொள்ளும் என்றார் கோச். இன்னும் கொஞ்சம் என்று பையன் கேட்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

சொல்வதற்கு அவனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு பந்துக்கும் அடிக்கப்போகிறேன் என்றே தொடங்கு, பந்து மோசமாக இருந்தால் மட்டும் நிறுத்து. பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நின்றால் பந்து போய்விட்டிருக்கும். எதை விடுவது என்பதும் பிறகுதான் வரும். டெட் வில்லியம்ஸ் தன் புத்தகத்தில் ஸ்ட்ரைக் பகுதியை 77 பந்துகளாகப் பிரித்து, எந்த இடத்தில் தன்னால் எவ்வளவு அடிக்க முடியும் என்று எழுதியிருக்கிறார். நடுவில் .400, வெளியே தாழ்வாக வந்தால் .230. 1941ல் .406 அடித்தவருக்கே அவ்வளவுதான். அந்த வருடமும் பத்தில் ஆறு முறை அவர் தோற்றுத்தான் திரும்பினார்.

பேசாமல் பந்து போடுவது ரொம்பக் கஷ்டம். தொண்டை வரைக்கும் வந்துவிடும். அந்த மௌனத்தில் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். அவர் என் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அது எனக்கு நெடுநாள் குறை. அதனால்தான் மகனின் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் போய் நின்றேன், நல்ல அப்பா என்ற நினைப்போடு. ஆனால் அந்த மைதானங்களில் நான் முதல் பந்தில் அவுட் ஆனால், அது எனக்கும் நண்பர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சண்டை போட்டோம், சாயங்காலம் மறுபடி பேட்டிங். என் தோல்வியை வீடு வரைக்கும் யாரும் சுமந்து வரவில்லை. இவனுக்கோ காரில் பதினைந்து நிமிடம். மழை வருமா என்று கேட்காமல் என்ன செய்வான்?

மே கடைசியில் ஒரு ஆட்டம். வலையை விட்டுத் தள்ளி, மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். முதல் பந்தே ஸ்ட்ரைக். இரண்டாவதை ஃபவுல் அடித்தான். மூன்றாவது உடம்பை ஒட்டி வந்தது. தோளை உள்ளே திருப்பி, தாடையை மறைத்து, பந்தைப் போகவிட்டு மறுபடி நின்றான். நான்காவதை அடித்தான். இரண்டாவது பேஸ்காரனிடம் உருண்டு போனது. முதல் பேஸுக்கு ஓடி, பாதி வழியிலேயே அவுட். ஸ்கோர் புத்தகத்தில் அது ஒன்றுமே இல்லை.

அந்த சீசன் முழுக்க அவன் எடுத்தது நான்கே ஹிட். அடுத்த வருடமும் ஆட வேண்டும் என்று அவனாகவே சொன்னான்.

அன்றைக்குக் காரில் நான் வாயைத் திறக்கவில்லை. பாதி தூரம் வந்ததும் பின்சீட்டிலிருந்து குரல்.

"அப்பா, கால் போகல. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா."

அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தது. சொல்லாமல் ஓட்டினேன்.