அய்யாவின் கோணிப்பை

போன பொங்கலுக்கு மகள் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தாள். நடுவீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். தோல் வெட்டும் கத்தி. துளை குத்தும் ஊசி. ஒரே அடியில் நாலு துளை போடுகிற, முள்கரண்டி மாதிரி ஒரு இரும்பு. ஓரம் தேய்க்கும் மரக்கட்டை. மெழுகு ஏற்றிய நூல். முனை மழுங்கிய இரண்டு ஊசிகள். இரண்டு சாண் அகலத்துக்குத் தோல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறாளாம், பணம் கட்டித்தான். "வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருக்கேன்ல. இதுல ஒக்காந்தா மனசு லேசாகுதுப்பா" என்றாள்.

எங்கம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள். "ஏட்டி, கதவச் சாத்து" என்றாள். மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான்தான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

எங்கள் ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் நடுவில், மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிறது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். தேவதானம் என்றால் சாமிக்குக் கொடுத்த நிலம். நிலத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கமலை வேண்டும். கமலைக் கூனைக்குத் தோல் வால் வேண்டும். தோலுக்குச் செத்த மாடு வேண்டும். செத்த மாட்டைத் தூக்க நாங்கள் வேண்டும். சக்கிலியக் குடி. இப்போது அருந்ததியர் என்கிறோம். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ்.

அய்யாவின் தொழில் சாமான் எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் அடங்கிவிடும். ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. உளி, லாரியில் ஒடிந்துபோன வில்பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அடித்தது. குத்தூசி சைக்கிள் கம்பி, பிடி புளியங்கட்டை. நூல், ராஜபாளையம் மில்லில் கழித்த பஞ்சு நூல். ஐந்தாறு இழையைத் தொடையில் வைத்து முறுக்கி, மலையிலிருந்து பளியர்கள் கொண்டுவரும் தேன்மெழுகில் இழுத்தால் நூல் விறைத்து நிற்கும். ஓரம் தேய்க்க மாட்டு எலும்பு. வெட்டுவதற்கு அடியில் வைக்க வேப்பங்கட்டை. அது நடுவில் குழிந்து, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும்.

மகளின் தோலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பட்டையில் பதனிட்ட தோல்தான். குரோமியம் உப்பில் பதனிட்டது துணி மாதிரித் துவளும். ஓரம் தேய்த்தாலும் அவ்வளவாக மினுங்காது, அச்சும் நிற்காது. பட்டைத் தோல் நனைத்தால் களிமண் மாதிரிச் சொன்னபடி கேட்கும், காய்ந்தால் கேட்டதை மறக்காது. அவள் கணக்கில் தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்கிறார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, சுமார் 0.4 மில்லிமீட்டர். இடுப்பு வாருக்கு எட்டு முதல் பத்து அவுன்ஸ் வேண்டுமாம். அய்யாவுக்கு அவுன்ஸ் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மடிப்பார். "இது வாருக்கு ஆகும், இது மேல்பட்டைக்குத்தான் ஆகும்" என்பார். முதுகெலும்புக்கு இரு பக்கமும் உள்ள தோல்தான் உறுதி. வயிற்றுத் தோல் இழுக்க இழுக்க நீளும், அதில் வார் வெட்டுகிறவன் ஏமாற்றுக்காரன். அடி அட்டைக்கு எருமைத் தோல். கழிவுத் துண்டையும் எறியமாட்டார். உள்ளங்கை அளவு வட்டமாக நறுக்கி, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உளியை ஓட்டினால் நீளமான தோல் நாடா வந்துவிடும்.

மகள் ஒரு நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் விட்டு இழுக்கிறாள். தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும். குதிரைச் சேணம் தைக்கிறவர்களின் தையலாம். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒரு இழை அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். செருப்புக்கு அய்யா கொக்கி ஊசிதான் போடுவார். ஆனால் கமலை வாலைத் தைக்கும்போது தோல் நாடாவின் இரண்டு நுனியையும் ஒரே துளையில் எதிரும் புதிருமாக விட்டு, காலால் உதைத்து இழுப்பார். அதற்கு ஒரு பெயர் இருந்ததாக ஞாபகமில்லை.

இன்னொன்று சொன்னாள். தோலை நனைத்து இரவெல்லாம் மூடிவைத்து, காலையில் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். நிறம் திரும்பியிருந்தும் கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தால் பதம். இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அய்யா ஈரச்சாக்கில் சுற்றிவைத்த தோலை விடிகாலையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். ஊரே தீட்டு என்று ஒதுக்கிய தோல்.

பதனிடுவது பாதி அம்மாவின் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலில் மயிர் வழிப்பது, சவ்வு சுரண்டுவது, ஆவாரம்பட்டை உரித்து இடிப்பது. சுண்ணாம்பு அவள் விரல் இடுக்குகளைத் தின்றிருந்தது. அந்த நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் புத்தகத்தில், எங்கள் சாதியார் ஆவாரஞ்செடியைப் பெரிதாக மதிக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் அதன் கிளையில் தாலி கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். "பட்டை இடிச்சவளுக்குத் தெரியும், அத எதுக்குக் கும்புடணும்னு" என்றாள். கும்பிடுகிற குரலில் சொல்லவில்லை.

1973 என்று நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு. வாத்தியார் ஒருவர் வார் அறுந்த செருப்பை மேசைக்குக் கீழேயிருந்து காலால் தள்ளி, "ஏலே, ஒங்கப்பன்கிட்ட குடுத்துத் தச்சுட்டு வா" என்றார். புத்தகப் பையில் வைத்தேன். கணக்கு நோட்டோடு அவர் செருப்பு. தெருவுக்குள் வந்ததும் அய்யா பையைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. செருப்பைத் தைத்தார், வழக்கத்தைவிட நன்றாகவே தைத்தார். அவரே கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு வந்தார், வெறுங்காலோடு. செருப்புத் தைக்கிறவர் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. தனக்கென்று தைத்த ஒரே ஜோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், ஊர் எல்லை தாண்டித்தான் காலில் மாட்டுவார்.

அன்று ராத்திரி சொன்னார்: "இனிமே நீ உளியத் தொட்ட, கைய ஒடிப்பேன்." நான் தொடவில்லை. அதனால் படித்தேன், அதனால் உத்தியோகம். அதனால்தான் இந்தத் தொழிலைப் பற்றி எனக்குக் கண்ணால் பார்த்தது மட்டும் தெரியும், கைக்கு ஒன்றும் தெரியாது. பம்புசெட் வந்து கமலை போயிற்று. ஹவாய்ச் செருப்பு வந்து மிச்சமும் போயிற்று. அய்யா அழவில்லை. 1998இல் செத்தார்.

நம்மவர்களிலேயே சிலர் இப்போது, அது எப்பேர்ப்பட்ட அறிவு, ரசாயனம், அழிய விட்டுவிட்டோமே என்று எழுதுகிறார்கள். அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவைக் கீழே வைக்கிற உரிமை அய்யாவுக்கு இருந்ததா? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டுத் தோலை உரித்த நம் பையன்களைக் காரில் கட்டி அடித்தார்கள். உரித்தாலும் அடி. உரிக்க மாட்டேன் என்றாலும் அடி விழுந்த ஊர்கள் எத்தனையோ. அதே மாதம் சுரேந்திரநகரில் செத்த மாடுகளைக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள் நம் சனங்கள். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது அய்யாவுக்குக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

மகளின் வகுப்பில் பதினைந்து பேராம். ஒருவரும் எங்கள் சாதி இல்லை என்று அவளாகவே நினைக்கிறாள், கேட்டதில்லை. நன்றாகச் செய்கிறாயே, முன்னாடியே பழக்கமா என்று ஒருத்தி கேட்டாளாம். "என்ன சொன்ன?" என்றேன். "யூடியூப் பாத்தேன்னு சொன்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள்.

பரணிலிருந்து கோணிப்பையை இறக்கச் சொன்னாள். உளி துரு ஏறிக் கிடந்தது. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். தோலை வேப்பங்கட்டையில் வைத்து ஓரத்தைச் சீவத் தொடங்கினாள். அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்த அம்மா திரும்பினாள். "அப்பிடிப் பிடிச்சா கட்டைவெரல் போயிரும்டி. ஒன் தாத்தா அப்பிடியா பிடிப்பாரு?" கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பேத்தியின் கையை எடுத்து உளியின்மேல் வைத்து, அதற்குமேல் தன் கையை வைத்தாள். தோல் காகிதம் போலச் சுருண்டு விழுந்தது.

"வெளிச்சம் பத்தலப்பா, கதவத் தெறங்களேன்" என்றாள் மகள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து டியூப்லைட்டைப் போட்டேன்.