நான்கே பொருள்

வியாழன், கார்க்

பேரங்காடியில் சோடா ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் ‘பாரம்பரியச் சுவை’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பாமாயில், சர்க்கரை, பதப்படுத்தும் பொருள்கள் என்று பொடி எழுத்தில் ஒரு நீண்ட பட்டியல். அயர்லாந்தின் சோடா ரொட்டிக்கு மாவு, மோர், ஆப்பச்சோடா, உப்பு போதும்.

பொட்டலத்தை வைத்துவிட்டு, 1788இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட்டுக்கு நடந்தேன். ரொட்டிக் கடை அம்மாவிடம் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் விரல் மடக்கிச் சொன்னார். நான்காவது விரலோடு முடிந்துவிட்டது.

வெள்ளி, கார்க்

இன்று நானே சுட்டேன். 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 400 மில்லிக்குச் சற்றுக் குறைவாக மோர். பிசையக் கூடாது, ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மோரின் புளிப்பு பட்டவுடன் சோடா பொங்கத் தொடங்கிவிடும். அந்த வாயு அடங்குவதற்குள் மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு அடுப்புக்குள் வைத்தாக வேண்டும். கீறல் வழியே சூடு நடுப்பகுதி வரை இறங்கும். 230 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 200 டிகிரியில் அரை மணி நேரம். அடியில் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும்.

இந்த ரொட்டியை உருவாக்கியது அயர்லாந்தின் மண்ணும் வறுமையும்தான். ஈரமான தட்பவெப்பத்தில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைவு. ஈஸ்ட் போட்டால் நன்றாக எழும்பாது. 1830களில் சோடா பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. வெண்ணெய் கடைந்த மோர் பண்ணை வீடுகளில் எப்போதும் இருந்தது. தனி அடுப்பு இல்லாதவர்கள் ‘பாஸ்டிபிள்’ என்னும் இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் முற்றா நிலக்கரித் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள்.

சனி, வாட்டர்ஃபோர்ட்

காலையிலேயே ‘ப்ளா’ வாங்கினேன். மேலே மாவு தூவிய வெள்ளை பன். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு: இதிலும் நான்குதான். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு தந்தது. அந்த வட்டாரத்துக்கு வெளியே சுட்டால் அந்தப் பெயரில் விற்க முடியாது. வெண்ணெய் தடவிச் சூட்டோடு சாப்பிட்டேன். மதியத்துக்குப் பின் இதன் மென்மை இருக்காது என்பதால் ஊரே காலையில் வாங்குகிறது.

ஞாயிறு, பெல்ஃபாஸ்ட்

செயின்ட் ஜார்ஜ் சந்தை. வடக்கே சோடா ரொட்டியைப் பெரும்பாலும் அடுப்புக்குள் வைப்பதில்லை. மாவை வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, தோசைக்கல் போன்ற தட்டை இரும்பில் இருபுறமும் சுடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு ‘ஃபார்ல்’. பக்கத்திலேயே உருளைக்கிழங்கு ரொட்டி: வேகவைத்து மசித்த கிழங்கு, கொஞ்சம் மாவு, வெண்ணெய், உப்பு. மிஞ்சிய கிழங்கை வீணாக்காத வீட்டுப் பெண்களின் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது.

திங்கள், டப்ளின்

எது ரொட்டி என்ற கேள்வி இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அடிப்படை உணவுக்கான வரிச்சலுகை வேண்டுமானால், ரொட்டியில் சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு சாண்ட்விச் நிறுவனத்தின் ரொட்டியில் சர்க்கரை ஏறக்குறைய 10 சதவீதம். சலுகை கிடையாது என்று 2020இல் தீர்ப்பானது.

ஆனால் சர்க்கரையையும் பதப்படுத்தும் பொருளையும் கடைக்காரர் வீணுக்குச் சேர்ப்பதில்லை. பல நாள் அலமாரியில் இருக்கும் ரொட்டிதான் நமக்கு வசதி. சோடா ரொட்டி மறுநாளே காய்ந்துவிடும். அதைக் குறையாக நினைக்கும்வரை பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும். அசலைத் தேடுகிறவர் கடையில் கேட்க வேண்டியது இரண்டு: இதில் என்ன இருக்கிறது, எப்போது சுட்டது? இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். அன்றே சாப்பிட்டுவிட்டு, மறுநாளும் அவரிடமே போங்கள். அவர் தொழில் நிலைத்தால்தான் அந்த ரொட்டியும் நிலைக்கும்.