தூங்கும் கைதிகள்

நங்கநல்லூர்வாசிகளுக்கு விமானச் சத்தம் ஒரு பொருட்டல்ல. மீனம்பாக்கம் அருகிலேயே இருப்பதால், தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்துவதும், அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். 2020 மார்ச் இறுதியில் பயணிகள் விமானங்கள் நின்றுபோனபோதுதான், அந்தச் சத்தம் எங்கள் நாட்களோடு எவ்வளவு கலந்திருந்தது என்று தெரிந்தது.

அந்த நாட்களின் ஓர் இரவில்தான் நாங்கள் இருவரும் 'லாக்அவுட்' பார்த்தோம். 2012இல் வெளியான படம். கதை 2079இல் நடக்கிறது. பூமியைச் சுற்றிவரும் சிறையொன்றில் ஏறத்தாழ 500 கைதிகள் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டிருக்கிறார்கள். அந்த உறக்கம் அவர்களது மூளையைச் சிதைக்கிறதா என்று விசாரிக்கச் செல்லும் அமெரிக்க அதிபரின் மகள் அங்கே சிக்கிக்கொள்கிறாள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற கை பியர்ஸ் அவளை மீட்க அனுப்பப்படுகிறார். மீதியெல்லாம் துப்பாக்கிகள் பார்த்துக்கொள்கின்றன. ஜான் கார்பென்டரின் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' (1981) படத்திலிருந்து எடுத்தாண்டது என்று 2015இல் பிரெஞ்சு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதால், கதையைப் பற்றி நாம் புதிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்களை உறுத்தியது அந்த உறக்கம்தான். தூங்குகிறவனுக்குத் தண்டனை எப்படித் தண்டனையாகும்? அவனுக்கு நாட்கள் நகர்வதே தெரியாதே! படம் இக்கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிடுகிறது. அந்த 500 பேருக்காகப் பூமியில் காத்திருக்கும் ஒரு தாயையோ பிள்ளையையோ நமக்குக் காட்டவுமில்லை.

சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்' (2018) நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு கைதிதான் விண்வெளிக்குப் போகிறான், பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தகர்க்க. தர்க்க ஓட்டைகளை எண்ணிச் சிரித்தபடிதான் அரங்கிலிருந்து வெளியே வந்தோம். ஆனால் அந்தக் கைதிக்குக் கீழே ஒரு மகன் இருந்தான். அன்று ஜெயம் ரவி என்று அறியப்பட்ட ரவி மோகனின் சொந்த மகனே அந்த வேடத்தில் நடித்தான். மற்றதெல்லாம் மறந்த பிறகும் அந்தச் சிறுவனின் முகம் எங்களிடம் தங்கிவிட்டது.

எங்கள் மகன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். அவனை வளர்த்த பாட்டி அந்த ஜூனில் காலமானார். இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தான். இடையிடையே படம் உறைந்து நின்றது. வழக்கமான பன்னாட்டு விமான சேவை 2022 மார்ச் 27 அன்று மீண்டும் தொடங்கிய பிறகே அவனால் வர முடிந்தது.

வந்தவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பாட்டியின் அறைக்குப் போனான். சற்று நேரம் கழித்து, "கட்டில எப்ப எடுத்தீங்க?" என்றான். எங்களுக்கு அது இரண்டு வருடப் பழைய துக்கம். அழுது, ஓய்ந்து, கட்டிலையும் யாருக்கோ கொடுத்திருந்தோம். அவனுக்கோ பாட்டி அன்றுதான் இறந்திருந்தார்.

உறங்கும் கைதியிடமிருந்து சிறை எதைப் பறித்துக்கொள்கிறது என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தோம். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று மூவருமே காத்திருந்தோம்.